தம்பி ஓட்டிய மலைச்சாலை

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

குறைதீர்வு நாள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் காலையிலிருந்து மனு வாங்கி நம்பர் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. மதியம் செழியன் வந்தான், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில். என் தம்பி பஸ்ஸில் வந்து நான் பார்த்ததே இல்லை. பதினேழு வருஷம் மிலிட்டரியில், இமயமலையின் லே சாலையில் லாரி ஓட்டியவன். ஊருக்கு வந்த பிறகு ஸ்கூல் வேன். ஜூன் மாதம் வேன் சாவியை அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். இடது கை கியர் போட மாட்டேன் என்கிறது, பிள்ளைகள் ஏறுகிற வண்டி, வேண்டாம் என்றான்.

போன மாதம் வேலூரில் டெஸ்ட் எல்லாம் முடிந்தது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும் நோய். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு, விழுங்குவது, மூச்சு. தள்ளிப்போட மாத்திரை இருக்கிறது, குணமாக்க மருந்து இல்லை என்று டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். நாற்பத்திரண்டு வயது அவனுக்கு.

கேன்டீனில் தண்ணீர் பாட்டில் வாங்கினான். மூடி திறக்க வரவில்லை. நான் கை நீட்டவில்லை, நீட்டினால் கோபம் வரும். பல்லால் திறந்து குடித்தான்.

“அக்கா, ஒரு தடவ லே ரோட்டுக்குப் போயிட்டு வந்துடணும். நான்தான் ஓட்டணும். நீ வரியா?”

டாக்டர் வண்டி ஓட்டவே கூடாது என்றிருக்கிறார். இவன் இமயமலையில் ஓட்ட வேண்டுமாம். சிரிப்பதா அழுவதா தெரியாமல், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்க என்ன இருக்கிறது?

15 ஆகஸ்ட், வியாழன்

ஆபீசில் கொடி ஏற்றியதும் கீழ்பென்னாத்தூர் போனேன். அவன் மனைவி கவியா மாடியில் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டு, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் எப்படியும் தடுப்பாள், நானும் சேர்ந்து தடுத்தால் நின்றுவிடுவான் என்று கணக்குப் போட்டுப் போயிருந்தேன்.

“போவட்டும் அண்ணி. நீங்க கூடப் போங்க” என்றாள், தலையைத் தூக்காமல்.

“டாக்டர் ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரு இல்ல?”

“நான் சொல்லி நிப்பாரா? நீங்க போவலன்னா தனியாப் போயிடுவாரு. நீங்க போங்க.”

“நீ போயேன். பொண்டாட்டி நீதானே.”

“என்னால முடியாது அண்ணி.”

மகள் இனியாவுக்குப் பரீட்சை என்று ஏதோ சொன்னாள். ஏழாவது படிக்கிற பெண்ணை எங்கள் வீட்டில் விட்டால் ஆகாதா? புருஷனுக்கு இப்படி ஒரு நோய், இவள் மல்லாட்டை கிளறுகிறாள். நெஞ்சு கல்லா என்று நினைத்தபடிதான் படி இறங்கினேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே. வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வழியில் செழியன் போன் — டிக்கெட் போட்டுட்டேன்க்கா, செப்டம்பர் ஆறு.

26 ஆகஸ்ட், திங்கள்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோபி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “அவனுக்கு இதத் தவிர நம்மால வேற என்னா செய்ய முடியும்? போயிட்டு வா” என்றார். அதுதான். வேறு என்ன செய்ய முடியும்? கேட்டுக் கேட்டு இந்த ஒரு கேள்விதான் மிச்சம்.

7 செப்டம்பர், சனி

ரயிலில் இரண்டாம் நாள். விநாயகர் சதுர்த்தி. கவியா கட்டிக் கொடுத்த கொழுக்கட்டை நாக்பூருக்கு முன்னாலேயே புளித்துவிட்டது. செழியன் அதையும் இரண்டு தின்றான். ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்திக்காரர்கள் எல்லோரோடும் பேச்சு. நான் ஊமை மாதிரி பக்கத்தில்.

9 செப்டம்பர், திங்கள் — மணாலி

செழியனோடு ஒரே யூனிட்டில் இருந்த தாக்குர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். பெரிய மீசை, பெரிய குரல். செழியனைக் கட்டிப்பிடித்தவர் அவன் இடது கையைப் பிடித்ததும் பேச்சை நிறுத்தினார். மணிக்கட்டிலிருந்து விரல் வரை தடவிப் பார்த்தார். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார், தன்னுடைய பழைய ஜிப்சி ஜீப்பின் சாவியைக் கொடுத்தார். டிரைவராக ஒரு ஆளை அனுப்புகிறேன் என்று எவ்வளவோ சொன்னாராம். இவன் கேட்கவில்லை.

10 செப்டம்பர், செவ்வாய் — ஜிஸ்பா

சுரங்கப் பாதைக்குள் நுழைந்தபோது இந்தப் பக்கம் மழை, பச்சை, தேவதாரு மரங்கள். வெளியே வந்தால் வேறு தேசம். நீல வானம், பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டே ஓடும் ஆறு, மஞ்சளாகிக்கொண்டிருக்கும் மரவரிசை, அதற்கு மேலே வெறும் பாறை, அதற்கு மேலே பனி. பார்க்கப் பார்க்கக் கழுத்து வலித்ததே தவிர மலை முடியவில்லை. நம்ம ஊர் மலையை ஒரு பார்வையில் முழுசாகப் பார்த்துவிடலாம். இது பார்வைக்குள் அடங்குகிற சமாசாரம் இல்லை.

செழியன் வேறு ஆளாகிவிட்டான். முதுகு நிமிர்ந்துவிட்டது. வளைவுக்கு வளைவு ஒரு கதை — இங்கதான் பனியில மாட்டிக்கிட்டு லாரிக்குள்ளயே படுத்தோம், இங்க ஒரு கிழவி டீ குடுக்கும். இடது கை விரல்கள் மடங்குவதில்லை என்பதால் உள்ளங்கையால் கியரைத் தள்ளுகிறான். இழுக்கும்போது மணிக்கட்டை மாட்டி இழுக்கிறான். அதைப் பார்க்கக் கூடாது என்று நான் வெளியே பார்த்தேன்.

“போன்ல சொல்லும்போதெல்லாம் சும்மா அளக்கிறேன்னு சொல்லுவியே. இப்ப பாரு” என்றான். அவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

நல்ல வேளை வந்தேன்.

11 செப்டம்பர், புதன் — ஜிஸ்பா

உயரம் பழக இன்னொரு நாள் இங்கேயே. ஆற்றங்கரையில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். நாம எப்ப ஊருக்குத் திரும்பறோம், ஆபீசுக்குச் சொல்லணும் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“நீ லேவுலேர்ந்து ஃப்ளைட்டு புடிச்சிப் போயிடுக்கா. நான் வண்டிய தாக்குர்கிட்ட வுட்டுட்டு வரேன்.”

“தனியாவா?”

“வந்த வழிதானே.”

தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னான். எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ரூமுக்கு வந்து துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. பாட்டில் மூடி திறக்க வராதவன். இதே கணவாய்கள் எல்லாவற்றிலும், பக்கத்தில் ஆள் இல்லாமல், தனியாக.

கிளம்புவதற்கு முன்னால் இனியாவுக்கு மோட்டார் போடக் கற்றுக்கொடுத்தான். கவியாவை பாங்குக்கு அழைத்துப்போய் எல்லாவற்றிலும் அவள் பெயரைச் சேர்த்தான். நோய்க்காரன் முன்யோசனையாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

இல்லை, இல்லை. நானாகக் கற்பனை செய்கிறேன்.

கற்பனையா?

கவியாவுக்குப் போன் போட்டேன். “அண்ணி, அவரு—” என்பதற்குள் கட்டாகிவிட்டது. அப்புறம் சிக்னலே இல்லை. இங்கிருந்து மேலே போகப் போகச் சுத்தமாக இருக்காதாம். திரும்பிப் போயிடலாம்டா என்று சொல்லிப் பார்த்தேன். “பாதியில திரும்பறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?” என்கிறான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்தி தெரியாது. யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்? என் தம்பி திரும்பி வரமாட்டான் போலிருக்குதுன்னா?

12 செப்டம்பர், வியாழன் — சர்ச்சு

கூடாரத்தில் எழுதுகிறேன். கை விறைக்கிறது. பாரலாச்சா கணவாயில் ஒரு ஏரி, யாரும் தொடாத நீலம். மரம் ஒன்றுகூட இல்லாத மலைகள் காவி, கத்திரிப்பூ, சாம்பல் என்று ஆளுக்கொரு நிறத்தில் நிற்கின்றன. எல்லாம் அழகுதான். என்னால் பார்க்க முடியவில்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தலை பிளக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

16 செப்டம்பர், திங்கள் — லே

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கனவு என்று நினைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சர்ச்சுவிலிருந்து கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். உச்சிக்குப் போனதும் செழியன் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கிப் போய் விளிம்பில் நின்றான். கீழே ஆறு நூல் மாதிரி.

நானும் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. அவன் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டேன்.

“என்னாக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப வுடு.”

“வுட மாட்டேன்.”

திரும்பாமலே கேட்டான்.

“தெரிஞ்சிடுச்சா?”

“நீ தனியா திரும்பறேன்னு சொன்னியே, அன்னிக்கே.”

“இன்னிக்கி ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ இருக்கும்போது பண்ணுவனா?” என்றான். கீழே ஆற்றைப் பார்த்தபடியே, “நான் கட்டையா கெடக்கணும், கவியா எனக்குக் கழுவி வுடணும், இனியா அதப் பாத்துக்கிட்டே வளரணும். அது தேவையா? நீ சொல்லுக்கா. நீ சொன்னா கேக்கறேன்” என்றான்.

இவ்வளவு வருஷம் எத்தனை பேருடைய மனுவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இவனுக்கு என்ன சொல்வது? தைரியமா இருடா என்பதா? எல்லாம் சரியாயிடும் என்பதா? அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“எனக்குத் தெரியலடா. ஆனா வுட மாட்டேன்.”

அதைச் சொல்லி முடிக்கவில்லை. வாந்தி வந்தது. ஜாக்கெட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். செழியன் திரும்பிப் பார்த்தான். என் கையைத் தூக்கி நகம் நீலமாகியிருப்பதைப் பார்த்தான். “எப்பலேர்ந்து தலைவலி? ஏன் சொல்லல?” என்று அதட்டினான். மிலிட்டரிக்காரன் குரல். என்னைத் தோளில் சாய்த்து வண்டியில் ஏற்றினான்.

பாங் என்கிற இடத்தில் ராணுவத்தின் மருத்துவ முகாம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் தண்ணீர் சேர்கிறது, உடனே கீழே இறக்க வேண்டும் என்றார்களாம். அவர்கள் ஆம்புலன்ஸ் காலையிலேயே வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பின்னால் சாலையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன; முன்னால் இன்னும் ஒரு கணவாயை ஏறித் தாண்டி லேவுக்கு இறங்குவதுதான் வழி. ஒரு சிறிய சிலிண்டரை என் காலடியில் வைத்து முகமூடியை மாட்டினார்கள். நீங்கள் ஓட்டிவிடுவீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். செழியன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தலையாட்டினான். அதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு பெரிய சமவெளி. அது முடிந்ததும் தாங்லாங் கணவாயின் ஏற்றம். அந்த ஏற்றத்தில்தான் கை மொத்தமாக நின்றுபோனது. கியரின் மேல் வைக்கிறான், அது வழுக்கி மடியில் விழுகிறது. மறுபடி வைக்கிறான், மறுபடி விழுகிறது. வண்டி திணறி அணைந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். “முடியலக்கா.”

நோய் வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கோ மூச்சு பாதிதான் உள்ளே போகிறது. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் போகலாம் என்று வந்த இடத்தில் நான் போகப் போகிறேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். பயம்கூட வரவில்லை.

அவன் தலையைத் தூக்கினான். தன் வலது கையால் என் வலது கையைப் பிடித்து இழுத்து, கியரின் மேல் வைத்து அழுத்தினான்.

“நான் கிளட்ச மிதிச்சி இப்பன்னு சொல்லுவேன். மொதல்ல இடது பக்கம் சாச்சி முன்னாடி தள்ளு. அடுத்தது நேரா பின்னாடி இழு. அவ்ளோதான்.”

“தெரியாதுடா எனக்கு.”

“எனக்கு மட்டும் முடியுதா? தள்ளுக்கா.”

தள்ளினேன். வண்டிக்குள் கரகரவென்று அரைத்தது. “ஒடஞ்சிடப் போவுது” என்றேன். “ஒடஞ்சா தாக்குருக்குப் புதுசு வாங்கிக் குடுக்கலாம். இப்ப.” இழுத்தேன். வண்டி நகர்ந்தது.

அப்படியே ஏறினோம். அவன் “இப்ப” என்பான், நான் தள்ளுவேன். தப்பாகத் தள்ளினால் திட்டினான். நான் கண்ணை மூடினால் இன்னும் சத்தமாகத் திட்டினான். “அக்கா, தூங்காத. ரெண்டாவதுக்கு வா. தூங்கினா வண்டி நின்னுடும்.” உலகத்தின் உயரமான சாலைகளில் ஒன்று என்கிறார்கள். உச்சியில் கொடிகள் கட்டியிருந்ததாம், பனி பெய்ததாம். நான் பார்த்தது தேய்ந்துபோன ஒரு கியர் உருண்டையும் அதன் மேல் என் நீல நகங்களும்தான்.

இறக்கத்தில் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வயல்களும் வெள்ளை வீடுகளும் தெரிந்தபோது செழியன் அழுதுகொண்டிருந்தான். துடைக்க அவனுக்குக் கை இல்லை. இருந்த ஒரு கை ஸ்டியரிங்கில்.

17 செப்டம்பர், செவ்வாய் — லே

தாக்குர் ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்கிறாராம். ஃப்ளைட்டுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டதாக செழியன் சொன்னான்.

“எனக்காகவா வர?” என்று கேட்டேன்.

ஆரஞ்சுப் பழத்தை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கி, ஒரு கையால் உரித்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் உரித்தான்.

“தெரியலக்கா” என்றான்.

அவன் நீட்டிய சுளையை வாங்கிக்கொண்டேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

கீழ்பென்னாத்தூர். செழியன் உள்ளே படுத்திருந்தான். கவியாவை மாடிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் ஒருத்தியால் இதைச் சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் அழவில்லை.

“தெரியும் அண்ணி.”

“என்னா தெரியும்?”

“பாங்குல பேர் சேத்தாரே, அன்னிக்கே தெரியும். நான் போனா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பாரு, நான் கஷ்டப்படறதுதான் அவருக்குத் தெரியும். அந்த நெனப்பு இன்னும் ஜாஸ்தியாவும். நீங்கன்னா கூட்டிக்கிட்டு வந்துடுவீங்கன்னு தோணிச்சி. அதான் அனுப்பினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீங்க போக வுட்டிருக்க மாட்டீங்க. இங்கியே பண்ணியிருப்பாரு. இனியா இருக்கற வூடு.”

இந்தப் பெண்ணையா கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டரிடம் அவன் மனதையும் பார்க்கச் சொல்லலாம், அவனைத் தனியாக விட வேண்டாம் — அதுவரைக்கும்தான் பேசி முடிவெடுக்க முடிந்தது.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். வலது கையிலும் ஆரம்பித்துவிட்டது. இனியா ஊட்டிவிட்டாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினான், அப்புறம் வாங்கிக்கொண்டான்.

16 மார்ச், ஞாயிறு

சக்கர நாற்காலி. மாதா மாதம் வேலூரில் ஒரு மனநல டாக்டர் அவனோடு தனியாகப் பேசுகிறார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், “சண்ட போடறோம்” என்கிறான். நாக்கு தடித்துவிட்டது. இரண்டு தடவை கேட்டால்தான் புரிகிறது.

8 மே, வியாழன்

இன்று அவன் சொன்னது ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். கண்டுபிடித்துவிட்டான்.

24 ஜூலை, வியாழன் — வேலூர்

பத்து நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. குடித்ததெல்லாம் புரையேறுகிறது. ஆள் பாதியாகிவிட்டான். கவியா, இனியா, நான் மூன்று பேரும் கூட வந்தோம்.

வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, அது வழியாகச் சாப்பாடு கொடுக்கலாம் என்றார் டாக்டர். நோய் நிற்காது, ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம், இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம். வேண்டாம் என்றால் அதுவும் அவர் இஷ்டம், யாரும் வற்புறுத்தக் கூடாது என்றார். செழியனைப் பார்த்து, வேணும்னா கண்ண ஒரு தடவ மூடித் திறங்க என்றார்.

கவியா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே கை கழுவும் முறை படம் ஒட்டியிருந்தது. அதை முழுசாகப் படித்தேன். வேறு என்ன செய்ய?

“மூடிட்டாரு” என்றாள் இனியா.

எல்லோரும் திரும்பினோம். டாக்டர் மறுபடி கேட்டார். செழியன் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நிதானமாக, சந்தேகத்துக்கு இடமில்லாதபடி, கண்ணை மூடித் திறந்தான்.

அப்புறம் நர்ஸ் வந்து எப்படி ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்று சொல்லிக்கொடுத்தார். கவியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கேழ்வரகுக் கஞ்சி ஊத்தலாமாம்மா? அவருக்கு அது புடிக்காது” என்றாள்.

“நேரா வயித்துக்குப் போவுது. ருசி தெரியாதும்மா.”

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. புரையேறிவிட்டதோ என்று நான் பதறி எழுந்தேன். இல்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.